முகம் எடுக்காத படம்

1

என் மகள் சமையலறையில் கமராவை நிறுத்திய அன்று, கையில் இருந்த சட்டி மூடியைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

“என்னம்மா செய்யிறாய்?” என்றாள் மயூரி.

“கறி அடிப்பிடிக்குது. முதல்ல அதை நிப்பாட்டு.”

“நீ ஏன் முகம் குடுக்கிறாய் இல்லை?”

அவளுடைய தமிழ் அப்படித்தான். நோர்வேயில் பிறந்த பிள்ளை. தமிழ்ச் சொற்களை எடுத்து நோர்வேஜிய வரிசையில் அடுக்குவாள். சின்ன வயதில் ஒவ்வொன்றையும் திருத்தினேன். திருத்தத் திருத்தப் பேச்சுக் குறைந்ததே தவிர தமிழ் கூடவில்லை. இப்போது வருவதை வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே மழை விடாத ஒரு கரையோர ஊரில் இருக்கிறோம். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். மயூரி பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். அந்தத் துறையில் இப்போது கட்டுரை மட்டும் எழுதினால் போதாதாம், ஆவணப்படமும் எடுக்க வேண்டுமாம். அவள் எடுத்துக்கொண்ட பொருள் நான். கேட்காமலே எடுத்துக்கொண்டாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியாது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் சந்தேகக்காரி. தெரியாத இலக்கத்தில் இருந்து தொலைபேசி வந்தால் நான் முதலில் பேசமாட்டேன், அந்தப் பக்கம் மூச்சு விடுகிறதா என்று கேட்பேன். ஒரே நாளில் இரண்டு தரம் வணக்கம் சொல்கிற அயல்வீட்டுக்காரருக்கு என்னிடம் என்ன வேண்டும் என்று யோசிப்பேன். மயூரிக்கு இது நோய். எனக்கு இது மட்டக்களப்பில் உயிரோடு இருந்ததற்கான காரணம்.

அவள் ஒரு சம்மதப் பத்திரத்தையும் கொண்டு வந்திருந்தாள். படத்தில் தோன்றுகிற எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதும் வாசித்தேன். எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது.

“சம்மதத்தைத் திரும்பத் தருவாங்கள். பார்த்தவன்ட கண்ணில இருந்து முகத்தை ஆர் திரும்ப எடுத்துத் தாறது?” என்றேன்.

“அம்மா, இது நோர்வே.”

“தெரியும். விலாசம் எனக்கும் தெரியும்.”

அவள் கோபித்துக்கொண்டு கமராவை மடக்கினாள். கறி உண்மையாகவே அடிப்பிடித்துவிட்டது.

2

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவள் பிறப்பதற்கு முன்பே நான் அவள் செய்கிற வேலையைச் செய்துவிட்டேன். அதுவும் ஒரு வரலாற்றுத் துறையில், அதுவும் யுத்தத்துக்கு நடுவில்.

கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் உதவி விரிவுரையாளராக இருந்தேன். எங்கள் துறைக்கு இரண்டு அறைகள். ஒன்றில் ஓடு உடைந்து மழை உள்ளே வரும். வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்றில் துறைத்தலைவர் எப்படியோ ஒரு வீடியோ கமராவை வாங்கிவிட்டார். நாங்கள் அவரை ‘சேர்’ என்றுதான் சொல்வோம். கமரா வந்த அன்றே பெட்டியைப் பிரித்து எல்லாப் பக்கமும் பார்த்தவர் சேர். இதற்குள் வேறு யாராவது ஏதாவது வைத்து அனுப்பியிருக்கிறானோ என்று பார்த்தாராம். அந்தக் காலத்தில் அது பைத்தியக்காரத்தனம் இல்லை.

வயல் வட்டைகளின் வரலாற்றைப் படமாக எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வட்டை என்றால் மட்டக்களப்பில் ஒரு வாய்க்காலை நம்பிக் கிடக்கிற வயல் பரப்பு. அதற்கு ஒரு விதானை இருப்பார். தண்ணீர் யாருக்கு எப்போது, வேலி யார் அடைப்பது, மாடு எந்தத் திகதிக்குப் பிறகு இறங்கக்கூடாது என்றெல்லாம் அவர்தான் சொல்வார். வெள்ளைக்காரன் காலத்துக் கடதாசிகளில் இருந்ததை எல்லாம் சேர் படித்துவிட்டார். இனி வயலில் நிற்கிறவர்களின் வாயால் கேட்க வேண்டும் என்றார். ஆனால் ஒரு சட்டம் போட்டார்.

“ஒருத்தர்ட முகத்தையும் எடுக்கப்படாது. கை, கால், மண்வெட்டி, வாய்க்கால், அவ்வளவுதான். இன்னாரோட கதைச்சீங்களா எண்டு இவன் கேப்பான், அவனும் கேப்பான். கசற்றில முகம் இருந்தா நாம வாய் திறக்கத் தேவையில்ல, அது சொல்லிப்போடும்.”

இவன் என்றால் ஆமி, அவன் என்றால் இயக்கம். சுற்றிவளைப்பு என்றால் என்ன என்று எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரை எல்லாம் மைதானத்தில் இருத்துவார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் ஜீப்புக்குள் இருப்பான். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையாட்டினால் அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பமாட்டான். எங்கள் கமரா இன்னொரு தலையாட்டியாகிவிடக்கூடாது என்று சேர் பயந்தார்.

ஆகவே மோதிரத்தையும் கழற்றச் சொன்னோம். மணிக்கூட்டையும் கழற்றச் சொன்னோம். கையில் பச்சை குத்தியிருந்தால் சேற்றைப் பூசச் சொன்னோம்.

3

கமராக்காரர் அன்சார் நானா. ஏறாவூர்ச் சோனகர், அதாவது முஸ்லிம். துறையில் தொழில்நுட்ப உதவியாளர், வெளியில் கலியாண வீடியோ எடுப்பவர். அவர் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு கசற்றின் தொடக்கத்திலும் பெண் பெரியபிள்ளையான உண்மையான ஒரு சாமத்திய வீட்டையோ கலியாணத்தையோ எடுத்து வைத்திருப்பார். அதற்குப் பிறகுதான் எங்கள் வரலாறு ஆரம்பிக்கும். கசற்றின் முதுகில் ‘சாமத்திய வீடு – தன்னாமுனை’ என்று எழுதியிருப்பார்.

ஒருநாள் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் கமராவின் சின்னத் திரையில் போட்டுப் பார்த்தான். பெண்ணுக்குப் பாலறுகு வைக்கிறார்கள், தண்ணீர் வார்க்கிறார்கள், மாமிமார் வரிசையில் நிற்கிறார்கள். இன்னும் மாமிமார் நிற்கிறார்கள். அவன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அன்சார் நானா சிரிக்காமல் பதில் சொன்னார். கமரா திரும்பி வந்தது. சாப்பாடு எப்போது வரும் என்று கேட்டானாம். இனித்தான் என்று இவர் சொன்னாராம்.

சித்தாண்டிப் பக்கத்து வட்டைக்குப் போனபோது, எங்களை யாரும் நம்பவில்லை. நம்பாததற்கு அவர்களிடம் நியாயம் இருந்தது. ஒரு சோனக மனிசன், ஒரு கம்பஸ் பொம்பிளை, ஒரு கமரா. அந்த வருடங்களில் முஸ்லிம் ஊரான ஏறாவூருக்கும் தமிழ் ஊரான சித்தாண்டிக்கும் நடுவில் தூரம் கொஞ்சம்தான். ஆனால் இரண்டு பக்கமும் செத்த வீடுகள் நடந்திருந்தன. அன்சார் நானா வயல் வரம்பில் நடக்கும்போது அடிக்கடி கிறுகித் திரும்பிப் பார்ப்பார். வயல்காரர் அவரைப் பார்ப்பார்கள். நான் இரண்டு பேரையும் பார்ப்பேன். சேர் மட்டும் வாய்க்காலைப் பார்ப்பார்.

“இத எங்க கொண்டு போறீங்க?” என்று எல்லோரும் கேட்டார்கள்.

“கம்பசுக்கு.”

“அங்க இருந்து?”

ஒரு பெரியவர் கமராவின் மூடியைப் போட்டால்தான் பேசுவேன் என்றார். போட்டோம். மிக நன்றாகப் பேசினார். ஒன்றும் பதிவாகவில்லை.

படப்பிடிப்பில் ஒரு சின்னச் சடங்கு இருக்கிறது, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கமராவுக்கு வெள்ளை எது என்று முதலில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வயல் நீலமாகிவிடும், ஆள் மஞ்சளாகிவிடுவான். பேசப்போகிறவர் ஒரு வெள்ளைக் கடதாசியைத் தன் முகத்துக்கு நேரே பிடிப்பார். கமரா அதைக் கிட்டப் போய்ப் பார்க்கும். பிறகு அன்சார் நானா கமராவை இறக்கிப் பேசுகிறவரின் கைகளுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துவார். கடதாசி முகத்தை மறைத்துக்கொள்வதால் சேருக்கும் அது பிடித்துப்போனது.

4

படம் முடியவில்லை. சண்டை திரும்பவும் மூண்டது. எங்கள் அறைகளில் அகதிகள் இருந்தார்கள், பிறகு அவர்களும் இல்லை. சேர் கசற்றுகளை ஒரே இடத்தில் வைத்திருக்கப் பயந்து ஆளுக்கொன்றாகப் பிரித்துத் தந்தார். யாரிடம் எது இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். நான் கலியாணம் முடித்து இங்கே வந்தபோது என் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் ‘சாமத்திய வீடு – தன்னாமுனை’ வந்தது. சேர் பிறகு காலமாகிவிட்டார். யுத்தமும் முடிந்தது என்கிறார்கள். அதையும் நான் முழுக்க நம்பவில்லை.

சட்டி மூடிச் சண்டைக்குப் பிறகு மயூரி களஞ்சிய அறையைக் கிண்டி அந்தக் கசற்றைக் கண்டுபிடித்தாள். என்னுடைய சாமத்திய வீடு என்று நினைத்தாளாம். பல்கலைக்கழகத்தில் ஏதோ ஒரு கருவியில் போட்டுக் கணினிக்கு மாற்றினாள். மாமிமாரைத் தாண்டியதும் அவளுக்குக் கைகள் கிடைத்தன. சேற்றுக் கைகள், வாய்க்காலில் மண்ணை வெட்டி விடுகிற கைகள், காற்றில் கோடு கிழித்து வட்டையின் எல்லையைக் காட்டுகிற கைகள். குரல் மட்டும் மேலே எங்கோ இருந்து வரும்.

அவளுடைய விரிவுரையாளர் பார்த்துவிட்டு ஆகாயத்துக்குத் தூக்கிப் புகழ்ந்தாராம். முகத்தை மறுத்த அழகியல் என்றாராம். மயூரி கண் விரியச் சொன்னாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

“அழகியலும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை. பயம்” என்றேன்.

ஆனால் அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. ஒரு சின்னத் துண்டை வகுப்பின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். சித்தாண்டி என்ற பெயரையும் மயூரி கீழே எழுதியிருக்கிறாள். அந்தத் துண்டு யார் யாருடைய கைத்தொலைபேசி வழியாகவோ மட்டக்களப்புக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒரு பெண் அவளுக்குக் குரல்செய்தி அனுப்பியிருக்கிறாள். இவள் என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டாள்.

“ஆரெண்டு தெரியாத ஆளுக்கு என்ட நம்பரைக் குடுத்தியா?”

“அவ அழுதவ அம்மா.”

“அழுகிறவங்கள் எல்லாம் உண்மையாய் அழுகிறாங்களோ?”

மயூரி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். என்னைப் பெற்றவளா நீ என்று கேட்கிற பார்வை. பிள்ளைகள் ஒரே நாளில் விலகிப் போவதில்லை. இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் ஓரடி தள்ளி நிற்கிறார்கள்.

5

நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது தொலைபேசி வந்தது. மூச்சுக் கேட்டது. வயதான மூச்சு.

“மிஸ்சா கதைக்கிறது? நான் சித்தாண்டியில இருந்து பூமணி. என்ட மகன் மகேந்திரன நீங்க படம் எடுத்தீங்க.”

“எந்த மகேந்திரன்? எனக்கு நினைவில்லை” என்றேன். உண்மையிலேயே நினைவில்லை. நாங்கள் யாருடைய பெயரையும் எழுதியது கிடையாது.

“வாய்க்கால்ல தண்ணி மாறுறதப் பத்திக் கதைச்சவன். குரல் அவன்டதான். பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல போட்டுக் காட்டினா. மண்வெட்டியப் பிடிக்கிற விதமும் அவன்டதான், இடக்கை மேல இரிக்கும். முகத்தக் காணல்ல. நீங்க முகத்த வெட்டிப்போட்டீங்களா மிஸ்?”

“முகம் எடுக்கவே இல்லை அம்மா. ஒருவருடையதும் எடுக்கவில்லை.”

“படம் எடுக்க வந்தவங்க முகம் எடுக்காம விடுவாங்களா?”

அவர் நம்பவில்லை. அவருடைய குரலில் நான் என்னுடைய குரலைக் கேட்டேன். எனக்கு எரிச்சல் வந்தது, பயமும் வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு முகம் கேட்கிறார்கள் என்றால் யார் கேட்கிறார்கள்? அந்த அம்மாவா, அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிற ஆளா? இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

ஏறாவூரில் அன்சார் நானா ஸ்டூடியோ வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். தேடிப்பிடித்துத் தொலைபேசி எடுத்தேன். நான்தான் என்று அவர் நம்புவதற்கு, சேர் எந்தப் பிராண்டு சிகரெட் பிடிப்பார் என்று சொல்ல வேண்டியிருந்தது. சேர் சிகரெட்டே பிடிப்பதில்லை என்று நான் சொன்ன பிறகுதான் அவர் குரல் இளகியது.

“குறை நினைக்காதீங்க தங்கச்சி. கனபேர் கனமாதிரி வாறாங்க” என்றார்.

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். சொன்னபடியே திரும்ப அழைத்தார். பூமணி அம்மா உண்மைதான். நாங்கள் போய் வந்த அடுத்த வேளாண்மைவெட்டுக் காலத்தில் மகேந்திரனை வயலில் இருந்து வரும் வழியில் பிடித்திருக்கிறார்கள். பிடித்தது யார் என்று இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மனுசி முகாம் முகாமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியிருக்கிறார். போகிற இடமெல்லாம் மகனின் படம் ஒன்று கேட்டிருக்கிறார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படம், பள்ளிக்கூடத்துப் படம், கோயில் திருவிழாவில் எடுத்த படம் என்று வீட்டில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டது. கடைசிப் படத்தை, மகன் இருக்கும் இடம் தெரியும் என்று வந்த ஒருவன் வாங்கிக்கொண்டு போனானாம். அவனையும் பிறகு காணவில்லை.

“இப்ப அந்த மனுசிட்ட ஒரு படமும் இல்ல தங்கச்சி” என்றார் அன்சார் நானா.

6

அப்போதும் எனக்குச் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் உள்ளதைத்தான் எழுதுகிறேன். ஊரில் உண்மையான பூமணி ஒருத்தி இருக்கலாம். தொலைபேசியில் பேசுகிறவர் அவர்தான் என்று யார் சொன்னது? அடுத்த தரம் அழைப்பு வந்தபோது ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தேன்.

“அம்மா, நாங்கள் படம் எடுத்த அன்று உங்கள் மகன் வீட்டுக்கு வந்து என்ன சொன்னவர்?”

தொலைபேசியைக் கை மாற்றுகிற சத்தம் கேட்டது. சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார் என்று நினைத்தேன்.

“சிரிச்சான் மிஸ்” என்றார். “வந்த கையோட வயிறு வலிக்கச் சிரிச்சான். ‘அம்மா, வெள்ளைக் கடதாசி பறந்து போய் வாய்க்கால்ல விழுந்திட்டு. மறுகா அந்தச் சோனக அண்ணன் தன்ட தலையில கிடந்த வெள்ளைத் தொப்பியக் கழட்டி, இதப் பிடி தம்பி முகத்துக்கு நேரா எண்டு தந்தார். நான் பிடிச்சன். சுத்தி நிண்டவங்க எல்லாம் பேயறைஞ்ச மாதிரிப் பார்த்தாங்க’ எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். நான் ஏசினன். தொப்பியத் தொட்டதுக்கில்ல, இந்தக் காலத்தில கண்டவங்களோட நிண்டு படம் எடுத்ததுக்கு.”

கதிரையில் இருந்துவிட்டேன். அந்த வயல், அந்தக் காற்று, வாய்க்காலில் மிதந்து போன கடதாசி எல்லாம் ஒன்றாக வந்தது. அன்சார் நானா தொப்பியைக் கழற்றியதும் வரம்பில் நின்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு நொடி, என்னவும் நடக்கலாம் போல இருந்தது. ஒரு இளந்தாரி இரண்டு கையாலும் அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தான். தோள் குலுங்கியது. அவன் சிரிக்கிறான் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பிறகு எல்லோரும் சிரித்தோம். அந்த இடத்தில் நின்ற எங்களையும் அந்த வீட்டையும் தவிர இது யாருக்கும் தெரியாது.

“மிஸ், இரிக்கிறீங்களா?”

“இருக்கிறேன் அம்மா.”

“முகம் மறந்து போகுது மிஸ்” என்றார் அவர். “அவன்ட சத்தம் நினைவிரிக்கு. நடக்கிறது நினைவிரிக்கு. முகத்த நினைச்சா அவன்ட தகப்பன்ட முகம் வருது. முதல்ல நான் ஒங்களத்தான் சந்தேகப்பட்டன். நீங்க எடுத்த படத்தாலதான் கொண்டு போனானுகளோ எண்டு. இப்ப அதையும் கேக்கல்ல. முகம் இரிந்தா மட்டும் தாங்க.”

அப்போதுதான் எனக்கு மண்டையில் தட்டியது. கடதாசி பெரியது, முகத்தை முழுக்க மூடும். தொப்பி சின்னது. அதைவிட, தொப்பியை எப்போதாவது இறக்க வேண்டும். அன்சார் நானா வெள்ளை பார்க்கும்போதே பதிவை ஓடவிடுகிற ஆள். தொப்பி இறங்குவதற்கும் கமரா கைக்கு இறங்குவதற்கும் நடுவில் ஏதாவது இருக்க வேண்டும்.

மயூரியைக் கூப்பிட்டேன்.

“அந்தக் கைகளுக்கு முன்னால் என்ன இருந்தது?”

“ஒன்றும் இல்லை. வெள்ளையாய் ஏதோ. நான் வெட்டிட்டன்.”

“கசற்றில வெட்டினியா?”

“இல்லை, கணினியில.”

7

அவளுடைய பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய அறைக்குள் இருந்து பார்த்தோம். திரை முழுக்க வெள்ளை. தொப்பியின் நூல் வேலை தெரிந்தது. பிறகு வெள்ளை ஆடியது. ஓரத்தில் ஒரு காது, நெற்றியில் ஒட்டிக் கிடந்த மயிர். பிறகு தொப்பி இறங்கியது. சிரிப்பு அடங்காத ஒரு முகம், நேரே பார்த்தபடி. ஒரு பக்கப் பல்லின் ஓரம் உடைந்திருந்தது. உடனே கமரா அவசரமாகக் கீழே போய்க் கைகளில் நின்றது. குரல் பேசத் தொடங்கியது.

மயூரி பின்னுக்குப் போய் அந்த முகத்தில் நிறுத்தினாள். அவன் இப்போது மயூரியின் வயதாக இருந்தான்.

“அம்மா,” என்றாள் அவள் கடைசியில், “அந்த அம்மா இதைப் பார்க்கிறதை நாங்கள் எடுக்க வேணும். இதுதான் என்ட படம்.”

“இல்லை.”

“இது வரலாறு. முகம் இல்லாட்டில் ஆர் நம்புவாங்கள்?”

“நம்பாட்டில் விடட்டும். அந்த மனுசி எங்களிட்ட மகன்ட முகத்தைத்தான் கேட்டவ. தன்ட முகத்தை எடுக்கச் சொல்லிக் கேட்கேல்லை.”

“நீ எல்லாருக்கும் பயம். செத்த ஆளுக்கும் பயம்.”

“செத்தது எண்டு உனக்கு ஆர் சொன்னது?” என்றேன். என் சத்தம் அந்த அறைக்குக் கூடிப்போயிற்று. கதவுக் கண்ணாடி வழியாக ஒரு மாணவன் எட்டிப் பார்த்தான்.

அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கு முகம் என்றால் காட்டுவதற்கு உள்ளது. எனக்கு முகம் என்றால் யாரோ தேடிக் கேட்டு வருவது. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த அகராதியை வைத்து என்ன செய்வது?

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, அந்த நொடியைத் துப்புரவாக்கி ஒரு படமாக எடுத்துத் தந்தாள். பல் உடைந்த இடம்கூடத் தெரிந்தது. இணையத்தில் போட்ட துண்டையும் எடுத்துவிட்டதாகச் சொன்னாள். தன்னிடம் வேறு பிரதி இல்லை என்றும் சொன்னாள்.

நம்பினேனா? பாதி நம்பினேன். என் கணக்கில் அது பெரிய விஷயம். அவளுடைய படத்துக்கு வேறு பொருள் எடுத்துக்கொண்டாள், மீன் பதனிடும் தொழிற்சாலை ஒன்றின் கதை. ஆனால் முதற்பிரதியை என்னிடம்தான் முதலில் காட்டினாள். அதில் எல்லோருக்கும் முகம் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

8

படத்தை அன்சார் நானாவுக்கு அனுப்பினேன். வேறு யாரிடமும் கொடுக்காமல் அவரே தன் ஸ்டூடியோவில் அச்சடித்தார். சித்தாண்டிக்கு அவரே கொண்டு போனார். போகும்போது தொப்பி போடுவதா விடுவதா என்று வீட்டில் பெரிய விவாதமாம். போட்டுக்கொண்டு போனாராம்.

“வாசல்ல நிண்டன் தங்கச்சி. மனுசி என்னப் பார்க்கல்ல, தலையத்தான் பார்த்தா. மறுகா படத்த வாங்கினா. சீலைத் தலைப்பால ஒருக்காத் துடைச்சா. தூசு ஒண்டும் இல்ல, புதுப் படம்தானே. உள்ள போய்க் கதவச் சாத்திட்டா. நான் வெயில்ல நிண்டன். போறதா நிக்கிறதா எண்டு தெரியல்ல. கனநேரத்துக்குப் புறகு கதவத் திறந்து, ‘தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி’ எண்டா. குடிச்சன். சீனி போட மறந்திட்டா. நான் கேக்கல்ல.”

பூமணி அம்மா எனக்கு அழைக்கவில்லை. நான் காத்திருந்தேன். ஒரு நன்றிக்காக இல்லை. அது மகேந்திரன்தானா என்று அவர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது. மழையும் வேலையுமாக நாட்கள் போயின. நானாக எடுத்தால் அவருக்கு என் மேல் சந்தேகம் வருமோ என்று எடுக்காமல் இருந்தேன்.

போன கிழமைதான் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக்கூடாது என்பது போல.

“மிஸ், நேத்து ஒரு கந்தோரால வந்தாங்க. காணாமப் போன ஆக்களப் புதுசாப் பதியிறாங்களாம். நல்ல மாதிரியாத்தான் கதைச்சாங்க. ஒரு பொம்புளப் புள்ள என்ட கையப் பிடிச்சிக்கிட்டு இரிந்தா. எல்லாம் கேட்டு எழுதினாங்க. மறுகா, மகன்ட போட்டோ ஒண்டு இரிந்தாத் தாங்கம்மா எண்டாங்க.”

“குடுத்தீங்களா?”

“போட்டோ ஒண்டும் இல்ல எண்டு சொல்லிப்போட்டன்.”

இத்தனை வருடமாகக் கேட்ட இடத்திலெல்லாம் எடுத்துக் கொடுத்த மனுசி. உண்மையாகவே பதிகிறவர்களாகவும் இருக்கலாம், இந்த முறை ஏதாவது பதில் வரவும்கூடும் என்று என் மனதில் ஒரு பக்கம் சொன்னது. எப்போதும் சந்தேகப்படுகிற நானே அன்று நம்பிக்கையின் பக்கம் பேசினேன்.

“அம்மா, படம் அன்சார் நானாவிடம் இருக்கு, என்னிடமும் இருக்கு. எத்தனை பிரதியும் எடுக்கலாம். ஒன்றைக் கொடுத்தால் உங்களிடம் உள்ளது குறையாது.”

“அது எனக்குத் தெரியும் மிஸ்” என்றார் பூமணி அம்மா. “அவன் வீட்ட வந்து இப்பதானே கொஞ்ச நாள். ஒருக்காக் கொண்டு போனவனுகளே இன்னும் திருப்பித் தரல்ல. இனி ஒருத்தருக்கும் அவனக் குடுத்து அனுப்ப மாட்டன்.”